மூன்று வேளை இறங்கிய சூடு

அத்தியாயம் நான்கு

மெத்தைக் கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பலகை வைத்தால் மெத்தை வாங்க வருகிறவர்களுக்குத் தூக்கம் போய்விடும் என்று கடைக்காரர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் படியேறி ஆட்கள் வந்தபடிதான் இருந்தார்கள். பாதிப் பேர் இலவம்பஞ்சு இருக்கிறதா என்று கேட்டார்கள். மீதிப் பேர் அண்ணி இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

அண்ணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர் ஒரே ஒருவனுக்குத்தான் அண்ணி. பேருந்து நிலையத்தில், தொலைந்த சாமான்கள் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒற்றைச் செருப்பைக் கையில் கொடுத்தால் போதும், அதைப் போட்டிருந்தவர் யாரோடு சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்.

அந்த ஒரே ஒருவன், அவருடைய கொழுந்தன். சினிமா கொட்டகை வாசலில் பதினைந்து வருடம் டிக்கெட் கிழித்ததால் டிக்கெட் என்றே பெயர் நின்றுவிட்டது. கொட்டகையை இழுத்து மூடியபோது அவன் கைக்குத்தான் வேலை போனது. வாய்க்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடைக்கவில்லை.

அன்று மதியம் ஒரு மணிக்கு வந்த பெண் இலவம்பஞ்சு பற்றிக் கேட்கவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர்தான் திருடன்னு நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லேன்னா, அவர் இல்லேன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. எதுவா இருந்தாலும் நாலு மணிக்குள்ள."

என்ன திருடு போனது என்று டிக்கெட் கேட்டான்.

"குளிர்ச்சி" என்றாள் அவள்.

இருபத்தாறு வருடத்தில் யாராவது குளிர்ச்சியைத் தொலைத்துவிட்டு வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று அண்ணியைக் கேட்க டிக்கெட் வாயைத் திறந்தான். அதற்குள் கார்ச் சாவி அவன் மடியில் வந்து விழுந்தது. அண்ணி பாதிப் படி இறங்கியிருந்தார்.

போகிற வழியில் அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள். அவளை அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டரம்மா என்பார்கள். வீட்டிலேயே கணினி பழுது பார்க்கிறவள். அதற்கு முன்னால் எட்டு வருடம் ஒரு புகார்ப் பிரிவில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தன் மாமியார் கூப்பிட்டபோதும் அதையே சொல்லிவிட்டாள். அன்றோடு வேலையை விட்டாள்.

கணினியின் மூளையான பிராசசர், வேலை கூடக் கூடச் சூடாகும். கடையில் விற்கிற சின்ன விசிறி ஓரளவுக்குத்தான் அதைத் தணிக்கும். அவள் சொந்தமாக ஒன்று செய்தாள். செம்புக் கட்டியில் தானே துளை போட்டு, அதை பிராசசரின் தலையில் உட்கார்த்தி, மீன்தொட்டிப் பம்பு வைத்து அதன் வழியாகத் தண்ணீரை ஓட்டி, அந்தத் தண்ணீரை ஒரு பழைய காரின் ரேடியேட்டருக்குள் சுற்றவிட்டு, பின்னால் ஒரு மேஜை விசிறியை நிறுத்தினாள். எல்லாவற்றையும் ஒரு பலகைப் பெட்டிக்குள் அடக்கினாள். சூடான காற்று தகரக் குழாய் வழியாகச் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும்.

கணினி தயாரிக்கிற நிறுவனம் ஒன்று, வீட்டில் இப்படிச் செய்கிறவர்களுக்குச் சோதனை வைத்திருந்தது. பெட்டிக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். இருபத்தொரு நாள் நிறுத்தாமல் ஓட வேண்டும். கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரம், பிராசசருக்கு முழுச் சுமையையும் ஏற்றுவார்கள். அப்போது சூடு எழுபது டிகிரியைத் தொடக் கூடாது. தேறினால் அவர்களுடைய பட்டறையிலேயே குளிர்விப்பான் செய்கிற வேலை. இன்றைக்கு இருபத்தொன்றாவது நாள். மூன்று மணிக்குப் பரிசோதகர் வருகிறார்.

"மொத நாள் அம்பத்திரண்டுல நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரியே அறுபத்தாறு. அப்புறம் எறங்கவே இல்ல. சாதாரண வேலைக்கே அறுபத்தாறுன்னா, முழுச் சுமைக்கு எழுபதைத் தாண்டிடும். தாண்டினா நாளைக்கு மறுபடியும் அந்த ஹெட்ஃபோன்" என்று சொல்லிவிட்டுக் காதைத் தடவிக்கொண்டாள். எட்டு வருடம் அழுத்திய தடம் இன்னும் அங்கே இருப்பதுபோல.

இரண்டாவது மாடியில் வீடு. முன்னறையில் கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் அந்த இயந்திரம் இருந்தது. டிக்கெட் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ரேடியேட்டர் தெரிகிற கண்ணாடி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். பம்பு குமிழி விடுகிற சத்தத்தைக் கேட்டான்.

"பாதி காரு, பாதி மீன்தொட்டி. இதுல ஏறி உக்காந்தா கடலுக்குக் கூட்டிட்டுப் போகுமா மேடம்?"

முத்திரைக் காகிதம் நான்கு மூலையிலும் கிழியாமல் இருந்தது. அண்ணி விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெட்டியை யாரும் தொடவில்லை.

கம்ப்யூட்டரம்மா திரையில் சூட்டின் வரைபடத்தைக் காட்டினாள். மூன்று வாரமும் ஒரே சிவப்புக் கோடு. அறுபத்தாறில் படுத்துக் கிடந்தது. ஆனால் தினமும் மூன்று இடத்தில் ரம்பப் பல்போல் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. சூடு இரண்டு மூன்று நிமிடம் கீழே இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கே ஏறிவிடும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து.

"மூணு வேளை. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றான் டிக்கெட்.

அவள் சிரிக்கவில்லை. தன் கணவன் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ் என்றும், அங்கே ஷிஃப்ட் மாறுவது ஆறு, இரண்டு, பத்து என்றும் சொன்னாள். அவள் வேறு ஊர்ப் பட்டறைக்குப் போய்விடுவாளோ என்ற பயம் அவருக்கு முதலிலிருந்தே உண்டு. போதாக்குறைக்கு, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் காணோம் என்று மூன்று வாரமாக அவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார். தானே எடுத்து ஒளித்து வைத்துவிட்டுத் தேடுகிறமாதிரி நடிக்கிறார் என்பது அவள் சந்தேகம். திருடனைக் கண்டுபிடிப்பதைவிட, அது தன் புருஷன் இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்பதுதான் அந்தக் குரலில் இருந்தது.

அண்ணி திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலை ஷிஃப்ட்டுன்னா உங்க வீட்டுக்காரர் ஆறு மணிக்கு எங்க இருப்பாரு?"

"வார்டுல."

"ரெண்டு மணிக்கு?"

"வார்டுலதான். அடுத்த ஆள் வந்தாத்தானே கெளம்ப முடியும்."

"எந்த ஷிஃப்ட் போட்டாலும் இந்த மூணுல ரெண்டு நேரம் அவர் அங்க நின்னே ஆகணும். மூணு வேளையும் இந்த வீட்ல இருக்க முடியாத ஒரே ஆளு உங்க புருஷன்தான்மா."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். தரையிலேயே.

அண்ணி விடவில்லை. காய்ச்சல் தெர்மாமீட்டர் எத்தனை டிகிரி வரை காட்டும் என்று கேட்டார். நாற்பத்திரண்டு. இயந்திரத்தின் சூடு? அறுபத்தாறு. அப்படியானால் அதை எடுத்தவருக்கு இயந்திரத்தின் சூட்டைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. உடம்புச் சூட்டில் இருக்கிற ஏதோ ஒன்றைப் பற்றித்தான் கவலை என்றார்.

"அப்போ இங்க யாருக்கோ மூணு வாரமா காய்ச்சல்" என்ற டிக்கெட், திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். டிக்கெட் கிழித்த கண். வரிசையில் ஒரு ஆள் குறைந்தாலும் தெரியும். "அண்ணி, கடைசியில பாருங்க. பல்லே இல்ல. முந்தாநாளுல இருந்து திருடன் லீவு போட்டுட்டான்."

அண்ணி விரல் விட்டு எண்ணினார். முதல் நாள் இரவு தொடங்கி, பதினெட்டு நாள், தினம் மூன்று வேளை. அதற்குப் பிறகு இன்றோடு மூன்று நாள் ஒன்றுமில்லை. ஆனால் சூடு மட்டும் அறுபத்தாறிலேயே நிற்கிறது. இன்னொரு தடவை எண்ணினார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. யாராவது குடையைத் தொலைத்துவிட்டு அதே குடைக்கடியில் நின்றுகொண்டு புகார் எழுதும்போது வருகிற சிரிப்பு.

"வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?"

மாமனார் மட்டும்தான் என்றாள் அவள், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா ஒரு பூச்சியைக்கூட நசுக்க மாட்டார்.

மாமனார் பின்பக்க அறையில், பால்கனிக் கதவை அடைத்தாற்போல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். வலது முன்கை மட்டும் இடது கையைவிடத் தடிப்பு. கொஞ்சம் நகர முடியுமா என்று டிக்கெட் கேட்டதற்கு மூட்டுவலி என்றார். எழுந்திருக்கக் கை கொடுக்கட்டுமா என்றதற்கு, உட்கார்ந்தால்தான் வலி இல்லை என்றார். டிக்கெட் அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

பால்கனியில் ஒரு வாளி, ஒரு துடைப்பம், கொடியில் இரண்டு துண்டு. சுவரோடு ஒட்டி ஒரு பழைய டிவியின் மரப்பெட்டி. உள்ளே படக்குழாயும் கம்பியும் எடுத்தாகிவிட்டது. வெறும் கூடு, முன்னால் இழுத்து மூடுகிற மரக்கதவு. அதைப் பற்றிக் கேட்டபோது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது என்று கம்ப்யூட்டரம்மா சொன்னாள்.

"அங்கதான் கெடக்குதா?" என்றான் டிக்கெட். "அப்போ தரையில ஒரு முழம் தள்ளி, சதுரமா, அழுக்கே இல்லாம ஒரு எடம் பளபளன்னு இருக்குதே. டிவிப் பெட்டி காலாற நடந்துட்டு வந்துச்சா?"

அவள் எட்டிப் பார்த்தாள். பத்து வருடம் பார்த்துப் பார்த்து அந்தப் பெட்டி அவள் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. அது நகர்ந்திருந்ததும் தெரியவில்லை. முன்னறையிலிருந்து கூடத்துச் சுவரோரமாக வந்து இந்தப் பால்கனியில் முடிகிற தகரக் குழாயின் வாய் எங்கே போனது என்றும் தேடத் தோன்றவில்லை. சூடு வெளியேற வேண்டிய வாய் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

அண்ணி பெட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பெரியவருக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, மரியாதையாக வேறொன்றைக் கேட்டார்.

"ஐயா ஆலையில என்ன வேலை பாத்தீங்க?"

"சங்கு ஊதறது." அவர் முதுகு நிமிர்ந்தது. "நாப்பது வருஷம். நீராவி வால்வு என் கையில. நான் ஊதினாத்தான் ஆயிரம் பேரு உள்ள போவாங்க, ஆயிரம் பேரு வெளிய வருவாங்க."

"எத்தனை மணிக்கு ஊதுவீங்க?"

"ஆறு, ரெண்டு, பத்து. ஒரு நாள், ஒரு நிமிஷம் பெசகினதில்ல" என்றவர், சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதைக் கேட்டார். மருமகளைப் பார்த்தார். ஸ்டூலில் இருந்து எழுந்து, மூட்டு வலிக்காமல், வழி விட்டார்.

டிவிப் பெட்டியின் கதவை அண்ணி திறந்தார். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையைக் கிழித்துப் பரப்பி, மேலே வைக்கோல். ஒரு தட்டில் தண்ணீர். நர்ஸின் தெர்மாமீட்டர். நடுவில் பதினொரு முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பென்சிலில் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். திருப்பி வைத்தது தெரிவதற்காக. கதவைத் திறந்து திருப்புகிற நிமிடங்களில்தான் அனல் வெளியேறி வரைபடத்தில் பல் விழுந்தது. கோழி அடைகாக்கும்போது முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். பதினெட்டு நாள் புரட்டும், கடைசி மூன்று நாள் தொடாது. இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளியே வரும்.

மூடிக் கிடந்த ஆலையின் வளாகத்தில் அடைக்கு உட்கார்ந்த அன்றே கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டதாம். சங்கு மேடைக்கு அடியில், முட்டைகள் இன்னும் சூடாக இருந்தனவாம். தொப்பியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அன்றைக்குத்தான் பெட்டிக்கு முத்திரை வைத்தார்கள். குழாய் வாயில் கை வைத்துப் பார்த்தார். காற்று போதுமான சூடாக இல்லை. டிவிப் பெட்டியை இழுத்துவந்து மூடி, இடுக்கில் துணியை அடைத்தார். முப்பத்தெட்டு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

"நீ சும்மா இருக்கறப்போ கேக்கலாம்னு பாத்தேம்மா. நீ மூணு வாரமா சும்மாவே இல்ல."

அவள் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தாள். இழுத்தால் தீர்ந்தது. குழாய் மூச்சுவிடும், இயந்திரம் ஐம்பத்திரண்டுக்கு இறங்கும். மணி இரண்டு நாற்பது. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது ஒரு முட்டையில் நட்சத்திரம்போல் ஒரு விரிசல் விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு சின்ன ஆள் கதவைத் தட்டினான்.

அவள் கை அப்படியே நின்றது.

"நான் இழுத்தா இது செத்துடும்" என்றாள். "இழுக்கலேன்னா நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு சாகணும்."

வாசல் மணி அடித்தது. பரிசோதகர் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். இந்த மாதிரி ஆட்கள் என்றைக்குத்தான் தாமதமாக வந்திருக்கிறார்கள்?

அண்ணிக்குத் திருடனைக் கண்டுபிடிக்கத் தெரியும். இதற்கு மேல் அவரிடம் ஒன்றுமில்லை. அதை மறைக்காமல் டிக்கெட்டைத் திரும்பிப் பார்த்தார். பயம் வந்தால் டிக்கெட்டின் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"எங்க கொட்டகையில காலியா இருக்கற ஷோவுக்குக் கதவைச் சாத்தித்தான் வைப்போம், இல்லேன்னா உள்ள இருக்கற நாலு பேரும் நடுங்குவான். ஹவுஸ்ஃபுல்லுன்னா வேற. கதவை நல்லா தெறந்துவிட்டாலும் வாசல்ல நிக்கற எனக்கு மூஞ்சியில அனல் அடிக்கும். கூட்டம் அவ்ளோ இருக்கே."

கம்ப்யூட்டரம்மா அவனையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஹவுஸ்ஃபுல்லுன்னா..."

"முழுச் சுமை" என்றாள். அவள் உதடு கணக்குப் போட்டது. முழுச் சுமையில் சூடு கிட்டத்தட்ட இரண்டு பங்கு. பெட்டியை மூடி வைக்கத் தேவையே இல்லை. கொஞ்சம் விலக்கினால் பிராசசர் எழுபதுக்குக் கீழே நிற்கும், வருகிற காற்றும் முட்டைக்குப் போதுமான சூட்டோடு வரும். ஆனால் ஒரே இடைவெளியில் நிற்காது. சூடு ஏறினால் விலக்கணும், இறங்கினால் நெருக்கணும். ஒரு மணி நேரம் கை எடுக்காமல் யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"வால்வை நான் பாத்துக்கறேன்மா" என்றார் மாமனார்.

பரிசோதகர் குள்ளமான மனிதர். தோளில் ஒரு பை, கையில் படிவம், முகத்தில் எதையும் நம்பாத களை. பின்பக்கம் என்ன நடக்கிறது என்பதை அவள் ஒளிக்காமல் அவரிடம் சொன்னாள். அவர் விதிமுறைத் தாளை இரண்டு தடவை படித்தார். முத்திரைக்கு உட்பட்டதுதான் தன் பொறுப்பு, வெளியே நீங்கள் மாடு கட்டினாலும் எனக்குக் கவலையில்லை என்றார். மூன்று மணிக்கு முழுச் சுமையை ஏற்றினார்.

முன்னறையில் திரைக்கு எதிரே அவள். பின்பக்கம் பெட்டியை அணைத்துப் பிடித்தபடி மாமனார், பக்கத்தில் தெர்மாமீட்டரோடு அண்ணி. நடுக்கூடத்தில் டிக்கெட். இரண்டு பக்கத்துக்கும் எண்களைக் கடத்துவது அவன் வேலை. கடைசி பஸ் நேரத்தை அறிவிக்கிறவன்போல் இழுத்து இழுத்துச் சொன்னான்.

"முன்னாடி அறுபத்தெட்டு. பின்னாடி முப்பத்தேழரை."

மூன்று இருபதுக்கு அறுபத்தொன்பதைத் தாண்டியது. அவள் ஒரு விரலைத் தூக்கினாள், டிக்கெட் சொன்னான், பெரியவர் ஒரு விரற்கடை பெட்டியை விலக்கினார். அறுபத்தெட்டுக்கு இறங்கியது. பின்னால் முப்பத்தாறுக்குப் போனது. அரை விரற்கடை நெருக்கினார். அந்தத் தடித்த முன்கை நடுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நீராவியை உள்ளங்கையால் கேட்டவருக்கு எண் எதற்கு? டிக்கெட் சொல்வதற்கு ஒரு நொடி முன்பே பெட்டி நகர ஆரம்பித்தது.

மூன்றே முக்காலுக்குக் கணவர் வந்தார். கையில் புதிதாக வாங்கிய தெர்மாமீட்டர். வீடு முழுக்க ஆட்களைப் பார்த்துவிட்டு, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்.

"பதினொரு பேருக்கு" என்றான் டிக்கெட். "முன்னாடி அறுபத்தொம்பதரை. கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்."

கம்ப்யூட்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். காரணம் தெரியாமலே அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் விடவில்லை.

அறுபத்தொன்பது புள்ளி ஆறு. புள்ளி எட்டு. புள்ளி ஒன்பது. பரிசோதகர் பேனாவைத் திறந்தார். டிக்கெட்டுக்கு முதல்முறையாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எண்ணைக்கூடச் சொல்லாமல் நின்றான். சொல்லாமலே பின்பக்கம் மரம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. புள்ளி ஏழு. புள்ளி மூன்று.

நான்கு மணி.

பரிசோதகர் சுமையை இறக்கி, உச்ச சூடு என்ற கட்டத்தில் 69.9 என்று எழுதி, தேர்ச்சி என்ற இடத்தில் முத்திரை குத்தினார். யாரும் குதிக்கவில்லை. அவள் மட்டும் இரண்டு காதையும் ஒரு தடவை நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

கடைசியாக ஒரு கட்டம் பாக்கி இருந்தது. இயங்கும்போது எழும் ஓசை: இல்லை, குறைவு, அதிகம். பரிசோதகர் காதைக் கொடுத்துக் கேட்டார். தகரக் குழாய் வழியாக, ரேடியேட்டரைத் தாண்டி, அவருடைய அச்சடித்த மூன்று பதிலிலும் அடங்காத ஒரு சத்தம் வந்தது. யோசித்தார். மூன்றையும் அடித்துவிட்டு, கையால் 'கீச்' என்று எழுதினார்.

அதே நேரம் பின்பக்கத்திலிருந்து இன்னொரு ஓசை எழுந்தது. அடித்தொண்டையில் தொடங்கி, ஏறி, நீண்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிறமாதிரி. நாற்பது வருடத்தில் நேரம் பிசகாதவர், சங்கே கிடையாத நான்கு மணிக்கு, வெறும் வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் பேனாவை மறுபடி திறந்தார். "இதுவும் மெஷின்ல இருந்துதான் வருதா?"

"அது எங்க மாமா" என்றாள் கம்ப்யூட்டரம்மா.

"அதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா."

"ஓரமா எடம் இருக்கு பாருங்க" என்றாள் அவள். "கையாலயே எழுதிக்குங்க."